வேலைத்தாளில் ஒரு வரி: வீடு மாற்றித் தரும் நிறுவனங்களுக்குத் திறந்த மடல்

சிங்கப்பூரில் வீடு மாற்றித் தரும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

“சம்பந்தப்பட்ட ஊழியரின் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்திருக்கிறோம். இனி இப்படி நேராமல் பார்த்துக்கொள்வோம். வளர்ப்புப் பிராணிகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பது ஒப்பந்தத்திலேயே உள்ளது.”

வீடு மாறிய நாளில் எங்கள் நாய் திறந்த கதவு வழியாக ஓடிப்போனதைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்கு உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பிய பதில் இந்த மூன்று வாக்கியங்கள்தாம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பதில் கிடைத்த வாரத்தில் வேறு நான்கு நிறுவனங்களை அழைத்து, வீடு மாற்றப்போகிறவளைப் போலவே விசாரித்தேன். கட்டில், அலமாரி, குளிர்பதனப் பெட்டி, பியானோ என்று நான்கு பேரும் விரிவாகக் கேட்டார்கள். வீட்டில் உயிருள்ள பிராணி ஏதாவது உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடலை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

கடந்த டிசம்பரில், மழை விடாத ஒரு சனிக்கிழமை, ஈசூனிலிருந்து பொங்கோலுக்குக் குடிபெயர்ந்தோம். நான், என் கணவர், 10 வயது மகன், 71 வயது அம்மா, பிறகு மிளகு. மிளகு எங்கள் நாய். இந்த ஊரிலேயே பிறந்த கலப்பினம். சிங்கப்பூர் ஸ்பெஷல் என்பார்கள். உடல் முழுதும் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு பிடி வெள்ளை. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இப்படிப்பட்ட நாயை வளர்க்க அடோர் திட்டத்தின் வழியாகத் தத்தெடுக்க வேண்டும். கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், பயிற்சி வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டுதான் ஆறு ஆண்டுகளுக்கு முன் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஈசூன் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான். அம்மாவின் மூட்டுவலி நாள்களில் கட்டிலடியை விட்டு நகர மாட்டாள்.

பதிவு செய்வதற்காகத் தொலைபேசியில் பேசியபோது அலுவலர் கேட்ட கேள்விகள் வரிசையாக நினைவிருக்கின்றன. எத்தனை பெட்டி? மின்தூக்கி உங்கள் மாடியில் நிற்குமா? லாரி நிறுத்தும் இடத்திலிருந்து மின்தூக்கிக்கு எவ்வளவு தூரம்? மீன்தொட்டி உண்டா? சாமி மேடை உண்டா? சாமி மேடையைப் பற்றிக் கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது. எதை எப்படித் தூக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் என்று நம்பினேன். எல்லாம் முடிந்த பிறகு நானாகத்தான் சொன்னேன், வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்று. “நாயை நாங்கள் ஏற்ற மாட்டோம், நீங்களே கொண்டுபோய்விடுங்கள்” என்றார். சரி என்றேன். நான் சொன்னது அந்தத் தொலைபேசியோடு நின்றுவிட்டது. வேலைக்கு வந்த மூவருக்கும் கொடுக்கப்பட்டிருந்த தாளைப் பின்னர் நானே பார்த்தேன். இரண்டு முகவரிகள், நேரம், 64 பெட்டி, தையல் இயந்திரம், சாமி மேடை. நாய் அதில் இல்லை.

மிளகை என் தம்பியின் காரில் பொங்கோலுக்குக் கொண்டுவந்தோம். வாகன நிறுத்துமிடத்திலிருந்து புளோக் வரை மழை. தொப்பலாக நனைந்திருந்தவளின் கழுத்துப்பட்டையைக் கழற்றி, துவட்டி, பட்டை காயட்டும் என்று சமையலறையில் தொங்கவிட்டேன். என் தொலைபேசி எண் பொறித்த தகடு அந்தப் பட்டையில்தான் இருந்தது. கடைசி அறையில் அவளுடைய பழைய மெத்தையை விரித்து, தண்ணீர் வைத்து, கதவைச் சாத்தினேன். உள்ளே நாய் இருக்கிறது, திறக்காதீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். ஆங்கிலத்தில் எழுதினேன்.

அன்று காலையில்தான் ஒவ்வோர் அறைக்கதவிலும் ஓர் எண்ணை எழுதி ஒட்டியிருந்தேன். பெட்டிகளிலும் அதே எண்கள். மூன்று என்று எழுதிய பெட்டி மூன்றாம் அறைக்குப் போக வேண்டும் என்று வேலைக்கு வந்தவர்களிடம் நானே சொன்னேன். பிற்பகல் இரண்டரை மணிக்கு, வேலைக்கு வந்த மூவரில் தையல் இயந்திரத்தைத் தூக்கி வந்த தம்பி மூன்றாம் எண்ணைப் பார்த்தார். அதன் கீழே இன்னொரு தாள். அதுவும் அறையின் பெயராக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கதவைத் திறந்தார். வெளிக்கதவும் இரும்புக் கதவும் காலையிலிருந்தே திறந்து கிடந்தன. இரும்புக் கதவு மூடிக்கொள்ளாதபடி கருவிப்பெட்டியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். தள்ளுவண்டியின் சத்தம், தெரியாத மனிதர்கள், தெரியாத வாசனை. ஒரே பாய்ச்சல். நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் படிக்கட்டில் அவளுடைய நகங்களின் ஓசை இரண்டு மாடி கீழே கேட்டது.

வீட்டு நாய் தொலைந்தால் தானே திரும்பி வரும் என்று பலரும் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். எந்த வீட்டுக்குத் திரும்பும்? பொங்கோலில் அவள் மூன்று மணி நேரம்தான் இருந்திருந்தாள். ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் வேறுபாடு தெரியாத ஒரே மாதிரிக் கதவுகள். அவளுடைய மணம் படிந்த ஒரு தூண்கூட அந்த வட்டாரத்தில் இல்லை. படிந்திருந்தாலும் அன்றைய மழை கழுவியிருக்கும். அவளுக்குத் தெரிந்த ஒரே வீடு ஈசூனில். நடுவே விரைவுச்சாலைகள். அன்றிரவு தெம்பனீஸ் விரைவுச்சாலைப் பக்கம் நடந்தபோது ஒவ்வொரு லாரியின் விளக்கு வெளிச்சத்திலும் சாலையோரத்தை என் மகன் பார்க்காமலிருக்க வேண்டும் என்று அவனை உட்புறமாக நடக்கவைத்தேன்.

வாகன நிறுத்துமிடத்தின் ஒவ்வொரு தளமும், குப்பை சேகரிக்கும் இடமும், பொங்கோல் நீர்வழியின் இரு கரைகளும். அவளைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை. சனிக்கிழமை மாலை நீர்வழியோரம் மெதுவோட்டம் ஓடிய ஒருவர், “கறுப்பு நாயா? பார்த்தேனே. தெருநாய் என்று நினைத்தேன்” என்றார். வேறு எப்படி நினைப்பார்? கழுத்தில் பட்டை இல்லாத சிங்கப்பூர் ஸ்பெஷல் எவர் கண்ணுக்கும் தெருநாய்தான். பட்டை இல்லாத பூடில் ஓடினால் யாருடையதோ என்று பத்துப் பேர் நிற்பார்கள். மிளகுக்கு அந்தச் சலுகை இல்லை.

சனி இரவு, ஞாயிறு பகல், ஞாயிறு இரவு. திங்கள் விடியலில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் ஒரு சீன அம்மையார் தொழிற்பேட்டை ஓரத்தில் அவளைப் பார்த்திருக்கிறார். தாம் அறிந்த கூட்டத்தில் இல்லாத நாய். கிட்டே போகாமல் தள்ளி உட்கார்ந்தே நெடுநேரம் கவனித்திருக்கிறார். நகம் ஒழுங்காக வெட்டியிருந்ததைக் கண்டு, இது வீட்டில் வளர்ந்தது என்று முடிவு செய்தாராம். இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சோறு காட்டி, கயிற்றைப் போட்டு, மருத்துவமனை திறக்கும்வரை வாசலில் காத்திருந்து சிப்பைப் பரிசோதிக்கச் செய்தார். மிளகின் உள்ளங்கால்கள் நான்கும் கிழிந்திருந்தன. ஒன்றரைக் கிலோ எடை குறைந்திருந்தது. இன்றும் மின்தூக்கியிலிருந்து தள்ளுவண்டி இறங்கும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறாள்.

இந்த விவரங்களையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் தொழிலைச் சேர்ந்த அந்த மேலாளர் கேட்டார்: “சிப்தான் இருக்கிறதே, எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாமே?” இப்படி நினைக்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இருக்க முடியாது என்பதால் இதைச் சற்று விளக்குகிறேன். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு இங்கே உரிமம் கட்டாயம். உரிமம் வாங்க மைக்ரோசிப் வேண்டும். அது அரிசி மணி அளவில், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கிறது. அதில் மின்கலம் கிடையாது. நாய் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் அது சொல்லாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். பெயர்கூட அதில் இல்லை. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் உரிமையாளர் யார் என்று தெரியும். ஆக, யாராவது நாயைப் பிடிக்க வேண்டும். ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவேட்டிலுள்ள தொலைபேசி ஒலிக்க வேண்டும். எங்களுக்கு முதல் இரண்டும் ஒரு முன்பின் தெரியாத பெண்மணியின் நல்ல மனத்தால் நடந்தன. மூன்றாவது நடக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது நான் கைவிட்ட பழைய எண். தொலைந்த அன்றிரவே ‘விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை’ என்ற அரசு அமைப்பிடம் சிப் எண்ணைச் சொல்லிப் புகார் பதிந்திருந்ததால்தான் தொடர்பு கிடைத்தது. தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து என் கைப்பேசியில் வைத்திருந்ததால்தான் அந்த 15 இலக்கங்களை நடுஇரவில் என்னால் சொல்ல முடிந்தது; அட்டை 64 பெட்டிகளில் எதிலோ கிடந்தது.

என் பிழைகளை நான் மறைக்கவில்லை. பட்டையைக் கழற்றியது நான். குடிபெயர்ந்த 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியை மாற்ற வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்துவைத்தவள், நாயின் உரிமப் பதிவைத் திறந்துபார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை. புதிய முகவரிக்கு முன்பே புதிய தொலைபேசி எண் அதில் ஏறியிருக்க வேண்டும். காணாமற்போன விலங்கைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமையைச் சட்டம் உரிமையாளர்மீதுதான் வைத்திருக்கிறது. அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் வீடு மாறும் நாளில் எங்கள் கதவு எங்கள் கையில் இல்லை. எட்டு மணி நேரம் அது உங்கள் கையில் இருக்கிறது. எப்போது திறக்கும், எதை முட்டுக்கொடுக்கும், எவர் எந்த அறைக்குள் போவார் என்பதை அன்று தீர்மானிப்பவர்கள் நீங்கள்.

இனி, கதவைத் திறந்த அந்தத் தம்பியைப் பற்றி. அவருடைய பெயரை எழுதவில்லை. அவருக்கு மேலும் துன்பம் வந்துவிடக்கூடாது. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நாய் ஓடியதும் முதலில் படிக்கட்டில் இறங்கி ஓடியவர் அவர்தான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “அக்கா, கதவில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. உள்ளே நாய் இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கதவைத் தொட்டிருக்கவே மாட்டேன்” என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. காலையிலிருந்து அவரோடு தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா அவருக்குத் தமிழில்தான் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அந்தத் தாளை எழுத உட்கார்ந்தபோது மட்டும் என் கை ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, அவருக்கிருந்த ஒரே விடுமுறை நாளில், தங்கும் விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பிற்பகல் முழுதும் எங்களோடு தேடினார். என் மகனுக்குத் தொண்டை கட்டிப்போனபோது மிளகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தவர் அவர்.

அவருடைய கூலியைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதையே எனக்கு ஆறுதலாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் கேட்டது அது இல்லை. உங்கள் அலுவலகத்தில் காதில் விழுந்த ஒரு செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. சேராத செய்திக்கு அவர் எப்படிக் கீழ்ப்படிவார்? வாடிக்கையாளர் எழுதி ஒட்டிய எண்ணைப் பார்த்துச் சொன்னபடியே பெட்டியை வைத்தவர் அவர். அந்த வீட்டில் அன்று வேலையைச் சரியாகச் செய்த ஒருவரைத் தேடினால் அவர்தான் கிடைப்பார். போதாததற்கு, இரண்டு பேர் அரை மணி நேரம் தேடியதற்குக் காத்திருப்புக் கட்டணம் என்று 40 வெள்ளியை எங்கள் ரசீதில் சேர்த்திருக்கிறீர்கள். ஒரே அரை மணிக்கு எங்களிடமும் வாங்கி, அவரிடமும் பிடித்திருக்கிறீர்கள்.

உங்கள் பெட்டிகளைத் திரும்பவும் பாருங்கள். உடையும் பொருள் இருக்கும் பெட்டியில் ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம் அச்சடித்திருக்கிறது. புதுக்கோட்டைக்காரரும் டாக்காக்காரரும் மியன்மார்க்காரரும் அதைப் பார்த்த கணத்தில் கையை மெதுவாக்கிவிடுகிறார்கள். மொழி தெரியாதவரிடமும் செய்தியைச் சேர்ப்பது எப்படி என்று உங்கள் தொழிலுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கோப்பைகளில் ஒன்றுகூட உடையவில்லை, அதற்கு நன்றி. அதே அறிவை ஓர் உயிருக்காகவும் பயன்படுத்தச் சொல்கிறேன்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

பியானோ உண்டா என்று கேட்கும் அதே இடத்தில், வீட்டில் நாய், பூனை, வேறு விலங்கு உண்டா என்று கேளுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி உண்டு. இந்தக் கேள்வி இனி இன்னும் பல வீடுகளுக்குப் பொருந்தும். பதில் ஆம் என்றால் அது வேலைத்தாளில் முதல் வரியாக, வேலைக்குப் போகிறவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். தாளைப் படிக்க நேரமில்லை என்பீர்களானால், லாரியின் கதவைத் திறப்பதற்கு முன் குழுவின் தலைவர் வீட்டுக்காரரோடு போய் அந்த அறையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களிடம் வாயால் சொல்லட்டும். இரண்டு நிமிடம் ஆகும். அந்த அறை கடைசியில்தான் திறக்கப்பட வேண்டும். திறப்பதற்கு முன் வெளிக்கதவும் இரும்புக் கதவும் சாத்தியிருக்க வேண்டும்.

கண்ணாடிக் கோப்பையைப் போலவே நாயின் படமும் பூனையின் படமும் போட்ட சிவப்பு ஒட்டுத்தாள்களை அச்சடித்து, பதிவு செய்தவர்களுக்குப் பெட்டிகளோடு சேர்த்துக் கொடுங்கள். கதவில் ஒட்டிக்கொள்கிறோம். தமிழ், வங்காளம், சீனம், பர்மிய மொழிகளில் ஒரு வாக்கியம் அதன் கீழே இருந்தால் போதும்.

முதல் நாள் மாலை, லாரி வரும் நேரத்தை நினைவூட்டி எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். விலங்கு வளர்ப்பவர்களுக்கு அதில் இன்னும் சில சொற்களைச் சேருங்கள்: இப்போது பயன்படும் எண்ணுள்ள பட்டையைக் கழற்றாதீர்கள், உரிமப் பதிவில் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் சரிபாருங்கள், சிப் எண்ணையும் அண்மையில் எடுத்த ஒரு படத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அன்று ஒரு நாள் உறவினர் வீட்டில் விட்டுவையுங்கள். அந்தச் செய்தி எனக்கு வந்திருந்தால் மூன்று பிழைகளில் இரண்டையாவது தவிர்த்திருப்பேன். வீடு மாறும் வாரத்தில் மனிதர்களுக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. மாதத்தில் பல வீடு மாற்றும் உங்களுக்கு நினைவிருக்கும்.

விலங்கு ஓடிவிட்டால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கூச்சலிட்டுத் துரத்தினால் பயந்த நாய் இன்னும் தூரம் ஓடும். வளர்த்தவர் குரலுக்குக்கூட அப்போது நிற்காது. படிக்கட்டு வாயிலில் ஒருவர், புளோக்கின் கீழே ஒருவர் என்று அமைதியாக நின்றாலே பெரும் உதவி. அந்த நேரத்துக்குக் கட்டணம் போடாதீர்கள்.

எங்களிடம் வாங்கிய 40 வெள்ளியை நான் திருப்பிக் கேட்கவில்லை. அந்தத் தம்பியிடம் பிடித்த ஒரு நாள் சம்பளத்தை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்துவிட்டோம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். யாரிடம் இதைக் கேட்கிறேன் என்று சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்குத் தெரியும். என் தொலைபேசி எண்ணும் அவர்களிடம் இருக்கிறது. அது இன்றைக்குப் பயன்படும் எண்.

நான்கு மொழி ஒட்டுத்தாள் ஒன்றை என் மகன் வரைந்து வைத்திருக்கிறான். வங்காளமும் பர்மியமும் தெரிந்த நண்பர்களிடம் வாசகங்களைச் சரிபார்த்துவிட்டோம். எந்த நிறுவனம் கேட்டாலும் விலையில்லாமல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மிளகின் வீட்டார்,
பொங்கோல்